பொத்தேரி ஏரிக்கும் கோவளம் கழிமுகத்துக்கும் ஃப்ளை: தேர்வும் பராமரிப்பும்

சென்னையின் தென்புறநகர் ஏரிகளில் தண்ணீர் ஆண்டுக்கு மூன்று முறை நிறம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பொத்தேரி, நந்திவரம், கொளவாய் என்று எந்த ஏரிக்குப் போனாலும் செம்மண் கரைசல்தான். தை பிறந்ததும் வண்டல் படிந்து தண்ணீர் தெளியும். முழங்கால் ஆழத்தில் ஆடுகிற பாசிக்கொடி கரையிலிருந்தே தெரியும். சித்திரை வெயிலில் ஏரி வற்றிப் பச்சை பிடித்துவிடும். முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டும் செயற்கை இரையான ஃப்ளையின் தேர்வு இந்த மூன்று நிறங்களிலிருந்து தொடங்குகிறது. மீன் எதைத் தின்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. கண்ணில் படாத ஃப்ளையை எந்த மீனும் துரத்தாது.

கலங்கிய தண்ணீரில் பளிச்சென்ற நிறம் உதவும் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். மஞ்சளும் ஆரஞ்சும் வாங்கிக் குவிக்கிறார்கள். மண் கலந்த தண்ணீரில் நிறம் ஓரடிக்குள் கரைந்துபோகும். மிஞ்சுவது உருவத்தின் நிழல் மட்டும். கீழிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு, வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புத்தான் தெளிவாகத் தெரியும். மழைக்கால ஃப்ளை கறுப்பாகவோ கருநீலமாகவோ, கொஞ்சம் பருமனாகவும் இருக்க வேண்டும். இழுக்கும்போது தண்ணீரைத் தள்ளி அதிர்வு உண்டாக்க வேண்டும். தெளிந்த தை, மாசித் தண்ணீரில் இதே ஃப்ளை மீனை விரட்டும். அப்போது பாசிப்பச்சை, காவி, மங்கலான பழுப்பு, அதுவும் சின்ன அளவில். கோடையின் பச்சைத் தண்ணீருக்கு வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே எடுபடும். வெள்ளையோடு இரண்டு மூன்று இழை ஜரிகை மினுக்கு இருந்தால் போதும். மாலை ஆறு மணிக்கு மேல் எல்லாப் பருவத்திலும் கறுப்பு.

ஏரியில் ஃப்ளைக்கு வருகிற மீன்களில் ஜிலேபிக் கெண்டைக்கு முதலிடம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குளம் அரிது. பாசியும் மக்கும் தின்று வளர்வது என்றாலும், புழுவையும் பூச்சிக் குஞ்சையும் வாயருகே வந்தால் விடாது. வாய் சிறியது. 12, 14 எண் முள்ளில் மயில் தோகை இழை சுற்றி, பித்தளை மணி கோத்த ஒரு சிறு ஃப்ளையைக் கரையோரம் ஆழ இறக்கி, சாண் சாணாக, நிறுத்தி நிறுத்தி இழுத்தால் ஜிலேபி வரும். கைபழகுவதற்கு இதைவிட நல்ல மீன் புறநகரில் இல்லை. இளக்காரமாகப் பேசப்படும் மீன் இது; ஆனால் ஐந்தாம் எண் கோலில் உள்ளங்கை அகல ஜிலேபி ஒன்று பக்கவாட்டில் திரும்பி இழுப்பதைக் கண்டவர் அப்படிப் பேசமாட்டார்.

விரால் வேறு கணக்கு. காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வது இங்கே தூண்டில்காரர்களின் பழைய வழக்கம். தவளையைக் கோத்து விரால் பிடித்த கிராமத்துத் தூண்டிலைத்தான் ஃப்ளையும் பின்பற்றுகிறது. நுரைத் தகட்டை மடித்துக் கட்டி, முன்பக்கம் உதடு போல நீட்டி, பின்னால் ரப்பர் கால் தொங்கவிட்ட மேல்மிதவை ஃப்ளைதான் விராலுக்கு. ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே வீச வேண்டியிருப்பதால், முள்ளின் முனையை மறைக்கும் தங்கூசி வளையம் அவசியம். அது இல்லாத ஃப்ளை முதல் வீச்சிலேயே இலையில் மாட்டும். மாட்டியதை விடுவிக்கப் போகும்போது அந்தப் பக்கத்து விரால் அத்தனையும் கலைந்துவிடும். வளையம் மிகவும் விறைப்பாக இருந்தால் மீன் அடித்தும் முள் ஏறாது. விரலால் அழுத்தினால் எளிதாக மடங்கி, விட்டதும் நிமிர வேண்டும்.

விராலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மழைக்குப் பிறகு சிவந்த நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேல்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் காவல் மீன் பசியில்லாமலேயே பாய்ந்து அடிக்கும். சுலபமான மீன், எடுக்கக் கூடாத மீன். காவல் போனால் குஞ்சுகளை ஒரே காலையில் மற்ற மீன்கள் தீர்த்துவிடும். நல்ல தூண்டில்காரர் அந்த இடத்தில் கோலைச் சுருட்டிக்கொள்வார்.

முதல் மழைக்குப் பிந்திய மாலைகளில் ஈசல் பறக்கும். மேலைநாட்டு நூல்கள் எந்தப் பூச்சி எந்த வாரத்தில் பொரிக்கும் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் போடும். தென்புறநகர் ஏரிக்காரருக்கு அப்படி ஒரு நாள் உண்டென்றால் அது ஈசல் நாள்தான். சிறகு உதிர்ந்து தண்ணீரில் விழும் ஈசலைக் கெண்டைக் குஞ்சிலிருந்து கெளுத்தி வரைக்கும் மேலே வந்து தின்னும். இதற்கான ஃப்ளையை எந்தக் கடையிலும் தேடவேண்டியதில்லை. 12 எண் முள்ளில் பழுப்பு நூல் உடல், இரண்டு பக்கமும் சாய்ந்த வெளிர்ச் சாம்பல் இறகு, மிதப்பதற்குச் சின்ன நுரைத் துண்டு. ஈசல் பறப்பது அரை மணி, முக்கால் மணி நேரம். அதற்குள் பெட்டியில் இந்த ஃப்ளை தயாராக இருந்தால் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

இந்த ஊர்த் தண்ணீருக்கான அறிவு புதிதாக முளைத்ததில்லை. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றிய தம் நூலை 1873-இல் மங்களூரில் வெளியிட்டார்; 1887-இல் குளம் ஏரிகளில் மீன் பிடிப்பதற்கென்றே தனி நூல் எழுதினார். ஆற்றுக்கும் குளத்துக்கும் ஒரே முறை ஒத்துவராது என்பதை அவர் உணர்ந்திருந்ததற்கு அந்த இரண்டாவது நூலே சாட்சி. ஆனால் தமிழ்நாட்டில் ஃப்ளை என்றதும் நினைவுக்கு வருவது நீலகிரிதான். 1860களில் பிரான்சிஸ் டே ட்ரௌட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் வானவில் ட்ரௌட்டை அங்கே நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. அதன் பின்னர் நீலகிரி ஓடைகளில் வீசப்பட்ட ஃப்ளைகள் எல்லாம் பிரிட்டிஷ் தீவுகளின் குளிர்ந்த ஓடைகளுக்காகக் கட்டப்பட்டவை. ட்ரௌட்டும் குளிர்நீர் மீன்தான் என்பதால் மலையில் அவை பலித்தன.

சமவெளிக்கு வந்த சிக்கல் இங்கேதான் தொடங்கியது. தொண்ணூறுகளில் தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் ஃப்ளை கோல் பிடித்தவர்களுக்குக் கிடைத்தவை, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் பெட்டியில் வந்த கலவைப் பொட்டலங்கள். நாற்பது ஐம்பது ஃப்ளை, எல்லாம் ட்ரௌட்டுக்கானவை. 16, 18 எண் மெல்லிய கம்பி முள். அழகாக இருக்கும். ஏரித் தண்ணீரில் ஜிலேபிக்கே அவற்றில் பாதி சின்னது. விரால் ஒரு இழுப்பில் முள்ளை நிமிர்த்திவிடும். பலர் அந்தக் கட்டத்திலேயே கோலை மூலையில் சாத்திவிட்டு, ஃப்ளை இந்த ஊருக்கு ஆகாது என்று முடிவு கட்டினார்கள். முடிவு தவறு. ஃப்ளைதான் இந்த ஊருக்கானதாக இல்லை. கைவசம் இருந்த பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, பாரிமுனைக் கடைகளில் கிடைத்த சாதாரணக் கடல்தூண்டில் முள்ளை வாங்கி, கறிக்கோழிக் கடையிலிருந்து இறகு கேட்டு வாங்கித் தாங்களே கட்டியவர்கள்தான் முதலில் மீன் பார்த்தார்கள். அந்த முதல் ஃப்ளைகள் பார்வைக்கு விகாரமானவை. முடிச்சு தளர்ந்து நான்கு மீனுக்குள் அவிழ்ந்துவிடும். ஆனாலும் சரியான அளவில், சரியான நிறத்தில், இந்தத் தண்ணீருக்காகவே கட்டப்பட்டவை.

இன்று இணையத்தில் எல்லாமே கிடைக்கிறது. கிடைப்பதில் மூன்று வகை ஃப்ளை இந்தப் பகுதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கவை. முதலாவது வூலி பக்கர். 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸ்ஸிங் உருவாக்கியது. பஞ்சுபோன்ற உடலும், தண்ணீரில் நெளிகிற மராபு வாலும் உள்ள இந்த ஃப்ளை புழுவாகவும் தெரியும், தலைப்பிரட்டையாகவும் தெரியும், பொடிமீனாகவும் தெரியும். ஏரிக்கு 8, 10 எண்ணில் கறுப்பும் பாசிப்பச்சையும். இரண்டாவது, அதே மாநிலத்தின் சஸ்குவஹானா ஆற்றில் பாப் கிளௌஸர் 1987-இல் கட்டிய கிளௌஸர் மின்னோ. முள்ளின் முதுகில் இரட்டைக் குண்டுக் கண் கட்டியிருப்பதால் தண்ணீரில் முள் தலைகீழாகத் திரும்பி, முனை மேல்நோக்கி வரும். அடிச் சேற்றிலும் பாசியிலும் எளிதில் மாட்டாது. மூன்றாவது லெஃப்ட்டி கிரே 1950களின் இறுதியில் செசபீக் விரிகுடாவுக்காகக் கட்டிய டிசீவர். வெள்ளை இறகை நீளவாக்கில் கட்டிய, மீன் உருவத்துக்கே உரிய மெலிந்த ஃப்ளை. அமெரிக்கா 1991-இல் இதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. கடைசி இரண்டும் ஏரியைவிடக் கோவளத்துக்குப் பொருத்தமானவை.

கோவளம் கழிமுகம் பொத்தேரிக்காரருக்குத் தூரமில்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் விடியுமுன் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது முட்டுக்காட்டுத் தண்ணீரில் நிற்கலாம். அங்கே எல்லாமே முகத்துவாரத்தைப் பொறுத்தது. மணல் மேடு அடைத்துக்கொண்ட மாதங்களில் உள்ளே தண்ணீர் தேங்கிச் சூடேறிக் கிடக்கும். மழை வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்கு வழி திறந்துவிட்டால், ஓதம் ஏறி இறங்கத் தொடங்கும். இறாலும் மடவைக் குஞ்சும் உள்ளே வரும். அவற்றின் பின்னால் கொடுவா, செப்பிலி, பாறை, மோரான் கெண்டை. ஓதம் இறங்கும் நேரத்தில் சின்ன வாய்க்கால்கள் பெரிய தண்ணீரில் கலக்கிற மூலைகளில் இவை காத்து நிற்கும்.

மோரான் கெண்டை வெள்ளிச் செதில் மின்ன எகிறிக் குதிக்கிற மீன். எலும்பாக இருக்கும் அதன் வாயில் முள் இறங்குவது சிரமம். 4 அல்லது 6 எண் முள்ளில் மெலிந்த வெள்ளை ஃப்ளை, முனை ஊசி போலக் கூர்மையாக. தடித்த கம்பி முள் இதற்கு உதவாது. கொடுவாவுக்கு நேரெதிர்: 1/0 முதல் 3/0 வரை தடித்த முள், நான்கு விரல் நீளத்துக்குக் குறையாத ஃப்ளை. அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தியாக அறுக்கும், உதடும் அரம் போலச் சொரசொரப்பு. ஃப்ளைக்கு முன்னால் ஒரு முழம் தடித்த நரம்பு இல்லாவிட்டால் ஃப்ளையும் போகும், வாயில் முள்ளோடு மீனும் போகும். சீலா வருகிற இடத்தில் அந்த முழம் உலோகக் கம்பியாகவே இருக்க வேண்டும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. இந்தியாவில் கொடுவாவைச் செயற்கையாக முதலில் இனப்பெருக்கம் செய்தது 1997-இல் அந்த நிறுவனம்தான். கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய கொடுவா கிடைத்தால் அது அநேகமாக முட்டையிடும் பெண். திரும்ப விட வேண்டியது அதைத்தான். திரும்ப விடுவதற்கு எதிர்முள் நசுக்கிய முள் வேண்டும். கழற்றுவதற்குச் சில நொடிதான் ஆகும், கைவிரலில் ஏறினாலும் மருத்துவரிடம் ஓடவேண்டியதில்லை.

முள்ளின் எண்களில் புதியவர் குழம்புவது உண்டு. 1-க்கு மேலே எண் ஏற ஏற முள் சிறியதாகும். 1/0, 2/0 என்று கோடு வந்துவிட்டால் எண் ஏற ஏறப் பெரிதாகும். இதைவிட முக்கியம், கம்பியின் உலோகம். ஏரிக்கு வெண்கல நிறம் பூசிய சாதாரண எஃகு முள் போதும். அதையே கோவளத்துக்குக் கொண்டுபோனால் ஒரே நாளில் துரு ஆரம்பித்துவிடும். கழிமுகத்துக்கு வெள்ளீயமோ நிக்கலோ பூசியது, அல்லது துருப்பிடிக்காத எஃகு. துருப்பிடிக்காத எஃகு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் நரம்பு அறுந்து மீனின் வாயிலேயே தங்கிவிட்டால் அதிலும் நீண்ட நாள் கிடக்கும். மீனை நினைக்கிறவர் பூச்சு முள்ளையே எடுக்கிறார்.

ஃப்ளையைக் கையில் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. நேர்த்தியும் பளபளப்பும் கடைசியில். முதலில் முள்ளின் கண்ணைப் பார்க்க வேண்டும். பசை வழிந்து அடைத்திருந்தால் தண்ணீரில் நின்றுகொண்டு நரம்பு கோக்கவே முடியாது. அடுத்து, உடலைப் பிடித்து முள்ளைச் சுற்றி மெல்லத் திருகிப் பார்ப்பது. கட்டு சுழன்றால் அது இரண்டாவது மீனுக்குத் தாங்காது. முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவிலான இடைவெளியை உடல் அடைத்துக்கொண்டிருந்தால் மீன் அடித்தும் ஏறாது. நுரை ஃப்ளைகளில் இந்தக் குறை அதிகம். இறகைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க விடுகிற கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே தொடர்ந்து வாங்கலாம், ஏனென்றால் காய்ந்த ஃப்ளை எல்லாமே பருத்து அழகாகத்தான் இருக்கும். நனைந்த பிறகு உள்ள உருவத்தைத்தான் மீன் பார்க்கிறது. உலகச் சந்தையில் விற்கும் ஃப்ளைகளில் பெரும்பங்கு கென்யா, இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் கையால் கட்டப்படுபவை. இயந்திரம் ஃப்ளை கட்டுவதில்லை. எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் ஒரு ஃப்ளைக்குப் பின்னால் ஒரு மனிதரின் சில நிமிடம் இருக்கிறது; அதை ஈரப் பெட்டியில் துருப்பிடிக்க விடுவது மனசாட்சிக்கு ஒத்துவராத காரியம்.

கட்டுவதற்கான பொருளில் சட்டமும் குறுக்கே வருகிறது. ஐரோப்பாவின் சால்மன் ஃப்ளைகளில் இரண்டு பக்கமும் கண் போல வைத்த, அரக்குப் பூச்சு மின்னும் சிறு இறகு தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியுடையது. அறிவியல் பெயரில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னராவின் பெயரைத் தாங்கிய பறவை. அதன் கழுத்திறகுக்காக எவ்வளவு கோழிகள் கொல்லப்பட்டன என்பது ஃப்ளை வரலாற்றின் வருத்தமான பக்கம். 1902-இலேயே காட்டுப் பறவை இறகு ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது; 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையையே காக்கிறது. மலைப்பக்கத்தில் யாராவது இறகு தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். மான்மயிரும் அப்படித்தான், வெளிநாட்டுக் கட்டுமுறைகளில் மான் வால்மயிர் எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் இங்கே வெள்ளாட்டு மயிரையோ செயற்கை இழையையோ போட்டுக்கொள்ளலாம். வெள்ளாட்டு மயிர் நீளம் குறைவு, ஆனால் தண்ணீரில் அசைவு நன்றாக இருக்கும். மயிலின் தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வாங்கலாம், விற்கலாம். ஏற்றுமதிக்குத் தடை உண்டு. ஒரு தோகையிலிருந்து ஒரு பருவத்துக்கான ஜிலேபி ஃப்ளை அத்தனையையும் கட்டலாம். மினுக்குக்குப் பழைய பட்டுப் புடவையின் ஜரிகை இழை அருமையாக உதவும். கோவளத்துக்கு அது ஆகாது. உப்பு பட்டால் கறுத்துப்போகும்.

தேர்வில் எடுத்த கவனம் முழுவதையும் ஒரே இரவில் வீணாக்கிவிட முடியும். தாம்பரத்துக்குத் தெற்கே ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் தங்கி நிற்கிறது. கார்த்திகையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாது. இந்த ஊரில் ஃப்ளைகள் பெரும்பாலும் மீனால் அழிவதில்லை, வீட்டுப் பெட்டிக்குள்தான் அழிகின்றன. குளிர்நாட்டு நூல்களில் ஃப்ளைப் பராமரிப்புக்கு அரைப் பக்கம் இருந்தால் அதிகம். இங்கே அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

முறை கரையிலேயே தொடங்குகிறது. பயன்படுத்திய ஃப்ளையை நேரே பெட்டிக்குள் வைக்கவே கூடாது. தொப்பியில் குத்திவைக்கலாம், அல்லது தனியாக ஒரு துளையிட்ட சிறு டப்பா. ஒரே ஒரு ஈர ஃப்ளை மூடிய பெட்டிக்குள் போனால் ஈரம் எல்லா ஃப்ளைக்கும் பரவும்; அதன் துரு பக்கத்து வெள்ளை இறகில் காவிக் கறையாக ஒட்டும். கோவளத்திலிருந்து திரும்பினால் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் உப்பு வேலையை முடித்துவிட்டிருக்கும். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மாற்றுத் தண்ணீரில் அலசி, இறகை இருந்த திசையிலேயே விரலால் நீவி, மின்விசிறிக்கு அடியில் தெர்மாகோல் துண்டில் குத்தி உலர்த்துவது. வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும், ரப்பர் கால் விறைத்து ஒடியும். இரட்டைக் குண்டுக் கண் கட்டிய இடத்தில் நூலுக்குள் தண்ணீர் நீண்ட நேரம் தங்கும். ஆகவே வெளியே காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் முழு இரவும் விட்டுவிட வேண்டும்.

பெட்டியின் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடும் வழக்கம் நல்லது. அது ஈரத்தால் நிறைந்த பிறகும் அங்கேயே கிடந்தால் பயனில்லை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது குறைந்த தீயில் வாணலியில் சூடாக்கி எடுத்த மணிகளைத் துணியில் முடிந்து வைக்கலாம். பெட்டி காற்றுப் புகாததாக இருப்பது நல்லதென்று பலர் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். முழுக்க உலர்ந்த ஃப்ளைக்கு அது நல்லது. ஈரம் உள்ளே போய்விட்டால் அதே பெட்டி ஈரத்தை வெளியே விடாது. ஏரிக்கும் கழிமுகத்துக்கும் தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்வது அவசியம். உப்புப் பட்ட ஃப்ளை ஒன்று ஏரிப் பெட்டிக்குள் புகுந்தால் சாதாரண எஃகு முள் அத்தனையும் ஒரு மாதத்தில் பழுத்துவிடும்.

ஈரத்துக்கு அடுத்த எதிரி பூச்சி. அந்துப்பூச்சியின் புழுவும், மயிரும் இறகும் தின்னும் சிறு வண்டுகளின் புழுவும் கோழியிறகை நரம்பு மட்டும் மிஞ்ச அரித்துவிடும். கட்டிய ஃப்ளையைவிடக் கட்டாமல் சேர்த்துவைத்த இறகில்தான் இவை முதலில் குடியேறும். கறிக்கடையிலிருந்து வாங்கிய இறகைச் சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தி, இறுக மூடிய பையில் போட்டு, குளிர்பெட்டியின் உறைபனி அறையில் இரண்டு வாரம் வைத்துவிட வேண்டும். இடையில் ஒருமுறை வெளியே எடுத்து ஒரு நாள் சூட்டில் வைத்துத் திரும்ப உறையவிட்டால், முட்டையிலிருந்து பொரித்ததும் சாகும். வீட்டில் பட்டுப் புடவைக்குப் போடும் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பூச்சியைத் தள்ளி நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது. அந்துருண்டை கொல்லும், ஆனால் அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக் பெட்டிகளையும் நுரையையும் இளக்கி ஒட்டவைத்துவிடும். கொசு மருந்துக் களிம்பு பூசிய கையால் ஃப்ளையைத் தொடுவதும் இதே கேட்டைச் செய்யும். கழிமுகத்தில் கொசுக் களிம்பு இல்லாமல் முடியாது என்பதால், புறங்கையால் பூசிக்கொண்டு விரல்நுனியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

வெயில் காலத்தில் காருக்குள் பெட்டியை விட்டுப்போவது இன்னொரு வகை நாசம். ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் சித்திரை நண்பகலில் நிற்கும் வண்டிக்குள் பசை இளகி நுரை உடல் முள்ளைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். கட்டு முடிச்சின் மேல் நகப்பூச்சு தடவிய காலத்தில் இது அடிக்கடி நடந்தது. பின்னர் வந்த, புறஊதா விளக்கில் இறுகும் பிசின் இந்தச் சூட்டையும் ஓரளவு தாங்குகிறது. விலை கூடுதல் என்றாலும் கொடுவா ஃப்ளைக்கு அதுதான் ஏற்றது. நகப்பூச்சும் மோசமில்லை, மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, என்று பொறுமையாகச் செய்தால் ஜிலேபி ஃப்ளைக்குத் தாராளம்.

மிதக்கும் ஃப்ளைக்கு மெழுகுக் களிம்பு தடவுவது வழக்கம். பட்டாணியளவு எடுத்து அப்பினால் இறகு கற்றையாக ஒட்டிக்கொண்டு இன்னும் விரைவாக மூழ்கும். விரலில் தேய்த்து இளகிய பிறகு மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இறகில் கட்டியவற்றுக்குக் களிம்பே கூடாது. அந்த இறகு நுண்ணிய இழைகளில் காற்றைப் பிடித்துவைத்து மிதக்கிறது. களிம்பு அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். மீன் பிடித்த பிறகு அதன் வழுவழுப்பைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உதறினால் மறுபடியும் மிதக்கும். நுரை ஃப்ளைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மழைத் தூறலில் ஈசலுக்கு வீசும்போது நுரைதான் கைகொடுக்கும்.

நசுங்கிக் கிடக்கும் இறகை நிமிர்த்துவதற்குக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் ஆவியே போதும். ஃப்ளையை இடுக்கியால் பிடித்து ஆவியில் சில நொடி காட்டினால் மடங்கிய இழைகள் ஒவ்வொன்றாக எழும். கைவிரலால் பிடிக்கக் கூடாது, முள் சூடேறும். ஆவி காட்டிய ஃப்ளையை உலர்த்தாமல் பெட்டிக்குள் வைத்தால் முன்சொன்ன துருக் கதைதான் திரும்ப நடக்கும்.

முள்ளின் கூர்மையை ஒவ்வொரு முறையும் வீசுவதற்கு முன் பார்க்க வேண்டும், வீட்டிலிருந்து புறப்படும்போது ஒருமுறை பார்த்தால் போதாது. கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை லேசாக வைத்து இழுத்தால் கூர்மையானது நகத்தில் பற்றி நிற்கும், மழுங்கியது வழுக்கும். ஏரிக்கரைக் கருங்கல்லில் பின்வீச்சு ஒருமுறை உரசினாலும் முனை மடங்கிவிடும், வீசுகிறவருக்குத் தெரியாது. பொத்தேரியில் கரைக்கல்லுக்கு முதுகு காட்டி நின்று வீசுபவர்கள் மீனை இழப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். சின்ன வைரக்கல் அரம் ஒன்று சட்டைப் பையில் இருந்தால், முனையை நோக்கி மூன்று பக்கமும் இரண்டிரண்டு தேய்ப்பில் கூர்மை திரும்பும். அதற்கு மேல் தேய்த்தால் முனை குட்டையாகிவிடும். அத்தகைய முள்ளைக் கழித்துவிடுவதே நல்லது.

பருவத்தின் இறுதியில், ஏரி வற்றும் சித்திரையில், பெட்டி முழுவதையும் கவிழ்த்து ஒவ்வொரு ஃப்ளையையும் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்ல பழக்கம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டபோது தூண்டில்காரர்கள் செய்தது அதைத்தான். மழைக்குப் பிறகு விரால் சேற்றிலிருந்து எழுந்து திரும்பியபோது பெட்டிகள் தயாராக இருந்தன. துருவின் காவிப் பொடி மட்டும் மேலே படிந்திருந்தால் தேய்த்து எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துப் பயன்படுத்தலாம். குழி விழுந்த முள்ளை வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய மீன் இழுக்கும் நொடியில் அந்தக் குழியில்தான் அது ஒடியும். கழித்த ஃப்ளையைக் கரையிலோ குப்பையிலோ அப்படியே போட்டால் மாட்டுக்கும் நாய்க்கும் செருப்பில்லாத காலுக்கும் ஆபத்து. முனையைக் கொறடால் நறுக்கி, நூலை வெட்டிவிட்டு, பித்தளை மணி, இரட்டைக் கண், நல்ல நிலையில் உள்ள இறகு ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம். எடுத்த மணியையும் கண்ணையும் கழுவி உலர்த்தி வைத்தால் அடுத்த ஐப்பசிக்கான கறுப்பு ஃப்ளைகளுக்கு அவையே போதும்.